நியூட்ரினோக் கற்றைக்கு ஏன் இத்தனை மெகாவாட்?

2013-இல் ஜப்பானின் டி2கே ஆய்வுக்குழு ஒரு முடிவை அறிவித்தது. பொருளோடு அரிதாகவே மோதும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களில், மியூவான் வகையாகக் கிளம்பிய சில, 295 கி.மீ. தாண்டிப் போய்ச் சேரும்போது எலெக்ட்ரான் வகையாக மாறியிருக்கின்றன. அதைச் சொல்ல அவர்கள் கையில் இருந்த நிகழ்வுகள் மொத்தமே 28. அதிலும் ஐந்து நிகழ்வுகள் வேறு காரணங்களால் வந்திருக்கக்கூடும் என்று அவர்களே கணக்குப் போட்டிருந்தார்கள். இந்த 28-க்காக ஒரு கிராஃபைட் தண்டின் மீது மோதவிட்ட புரோட்டான்களின் எண்ணிக்கை 6.57 × 10²⁰. வகுத்துப் பார்த்தால் ஒரு நிகழ்வுக்கு ஏறக்குறைய 2.3 லட்சம் கோடி கோடி புரோட்டான்கள்.

நெடுந்தொலைவு நியூட்ரினோ ஆய்வுகளில் முடுக்கிகளை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டால், இந்தக் கணக்குதான் பதில். ஹிக்ஸ் போசானைத் தேடியவர்களுக்கு உயர்ந்த ஆற்றல் வேண்டியிருந்தது. நியூட்ரினோக்காரர்களுக்கு வேண்டியது எண்ணிக்கை. இவர்கள் ஒவ்வொரு புரோட்டானுக்கும் இன்னும் வேகம் கொடுக்கப் பாடுபடுவதில்லை. நொடிக்கு இன்னும் நிறைய புரோட்டான்களை இலக்கில் கொண்டுபோய்க் கொட்டத்தான் பாடுபடுகிறார்கள்.

முதலில் தொலைவைப் பற்றி. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு: எலெக்ட்ரான், மியூவான், டாவ். பறக்கும் வழியிலேயே அவை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும், திரும்பவும் மாறும். இதற்கு நியூட்ரினோ அலைவு என்று பெயர். இதை உறுதிசெய்ததற்காக 2015-இல் தகாகி கஜிதாவும் ஆர்தர் மெக்டொனால்டும் நோபல் பரிசு பெற்றார்கள். எவ்வளவு தூரத்தில் மாற்றம் உச்சத்தைத் தொடும் என்பது நியூட்ரினோவின் ஆற்றலைப் பொறுத்தது. ஒரு ஜிஇவி, அதாவது நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருந்தால் முதல் உச்சம் சுமார் 500 கி.மீ. தொலைவில் வரும். ஆற்றல் கூடினால் தூரமும் அதே விகிதத்தில் கூடும். டி2கேயின் நியூட்ரினோக்களுக்கு 0.6 ஜிஇவி, தூரம் 295 கி.மீ. அமெரிக்காவில் உருவாகிவரும் டியூன் ஆய்வுக்குத் தூரம் 1300 கி.மீ.; அதனால் அங்கே 2.5 ஜிஇவியை ஒட்டிய ஆற்றல் தேவை. இரண்டும் ஒரே கணக்குதான்.

ஆனால் தூரம் போகப் போகக் கற்றை விரியும். 295 கி.மீ. தாண்டும்போதே அதன் அகலம் கிலோமீட்டர்க் கணக்கில் ஆகிவிடும். உணரியோ சில பத்து மீட்டர் அகலம்தான். கற்றையின் மிகச் சிறு பங்கு மட்டுமே அதைக் கடக்கும். அதிலும் பெரும்பாலானவை ஒரு அணுவையும் தொடாமல் மறுபக்கம் வெளியேறிவிடும். உணரியைப் பெரிதாக்கலாம், கற்றையை வலுவாக்கலாம், அல்லது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம். மூன்றையும் ஒன்றாகச் செய்கிறார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

நியூட்ரினோவுக்கு மின்னேற்றம் இல்லை. அதை முடுக்கவும் முடியாது, காந்தத்தால் வளைக்கவும் முடியாது. எனவே அது பிறக்கும் முன்பே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட வேண்டும். புரோட்டான்களை முடுக்கி ஒரு திண்ம இலக்கில் மோதவிட்டால் பையான்கள் என்ற குறுகிய ஆயுள் கொண்ட துகள்கள் தெறிக்கும். பையான்களுக்கு மின்னேற்றம் உண்டு. அவற்றைக் காந்தத்தால் குவித்து ஒரு நீண்ட குழாய்க்குள் பறக்கவிட்டால், வழியிலேயே சிதைந்து ஒரு மியூவானும் ஒரு மியூவான் நியூட்ரினோவும் ஆகும். குழாயின் கடைக்கோடியில் இரும்பும் கான்கிரீட்டும் பாறையும் மற்றதையெல்லாம் நிறுத்திவிட, நியூட்ரினோ மட்டும் போய்க்கொண்டே இருக்கும். 1962-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லெடர்மன், ஷ்வார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் மூவரும் முடுக்கியால் நியூட்ரினோக் கற்றையை முதன்முதலில் உண்டாக்கியது இப்படித்தான். அதில் மற்ற துகள்களைத் தடுக்க அவர்கள் வைத்தது பழைய போர்க்கப்பலின் இரும்புத் தகடுகள். அடிப்படை முறை இன்றுவரை மாறவில்லை.

குவிக்கும் வேலையைச் செய்வது காந்தக் கொம்பு. ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னில் இருந்த சைமன் வான் டெர் மீர் 1961-இல் கண்டுபிடித்தது. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு அலுமினிய ஓடுகள். உள் ஓட்டின் வழியாகப் போய் வெளி ஓட்டின் வழியாகத் திரும்பும் மின்னோட்டம். இரண்டுக்கும் இடையே வளைய வடிவில் காந்தப்புலம். பக்கவாட்டில் சிதறிப்போகும் நேர்மின் பையான்களை அது உள்நோக்கி வளைக்கும், எதிர்மின் பையான்களை வெளியே விரட்டிவிடும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் எல்லாம் தலைகீழாகி எதிர்நியூட்ரினோக் கற்றை கிடைக்கும். நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒரே மாதிரி அலைகின்றனவா, பிரபஞ்சத்தில் பொருள் மட்டும் மிஞ்சி எதிர்ப்பொருள் காணாமல் போனதற்கு அதில் ஏதேனும் துப்பு இருக்கிறதா என்று தேடுபவர்களுக்கு இந்த ஒரு மாற்றம்தான் ஆதாரக் கருவி. ஒரு தொல்லை: எதிர்நியூட்ரினோ அணுக்கருவோடு மோதும் வாய்ப்பு நியூட்ரினோவைவிடக் குறைவு. அதனால் அந்தப் பாதி ஆய்வுக்கு இன்னும் அதிகப் புரோட்டான்கள் வேண்டும்.

திசையும் ஆற்றலும்

பூமி உருண்டை என்பதால் கற்றையைத் தரைக்குள் சாய்த்துத்தான் அனுப்ப வேண்டும். கற்றை கிளம்பும் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து 1300 கி.மீ. தள்ளி, தெற்கு டகோட்டாவில் பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள் இருக்கும் டியூன் உணரிக்குச் சாய்வு சுமார் 5.8 பாகை. நேர்கோட்டில் போகும் கற்றை நடுவழியில் தரைக்கு 30 கி.மீ.க்கும் கீழே இருக்கும். இதற்குச் சுரங்கப்பாதை எதுவும் வேண்டாம். பாறை நியூட்ரினோவுக்கு இல்லாத மாதிரிதான். சரியாகச் சொன்னால் முழுக்க இல்லாத மாதிரி அல்ல. பாறையில் உள்ள எலெக்ட்ரான்கள் அலைவைச் சற்று மாற்றும். தூரம் கூடக் கூட அந்த விளைவும் கூடும். மூன்று நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிக்க டியூன் அந்த விளைவைத்தான் நம்பியிருக்கிறது.

ஆற்றலைச் சீராக்க ஒரு தந்திரம் உண்டு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். கற்றையை உணரிக்கு நேராகக் குறிபார்க்காமல், வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி அனுப்புவது. நேர் அச்சில் போகும் நியூட்ரினோவின் ஆற்றல் அதைப் பெற்ற பையானின் ஆற்றலுக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். பையான்கள் பல ஆற்றல்களில் வருவதால் நியூட்ரினோக்களும் பல ஆற்றல்களில் பரந்து கிடக்கும். அச்சிலிருந்து சில பாகை விலகிப் பார்த்தால், பையானின் ஆற்றல் என்னவாக இருந்தாலும் நியூட்ரினோ ஒரு வரம்புக்கு மேல் போகாது. பல ஆற்றல் கொண்ட பையான்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலுள்ள நியூட்ரினோக்களைத் தரும். டி2கேயில் விலகல் 2.5 பாகை, அதனால்தான் 0.6 ஜிஇவியில் ஒரு கூர்மையான உச்சம் கிடைக்கிறது. ஃபெர்மி ஆய்வகத்தின் நோவா ஆய்வும் 810 கி.மீ. தொலைவில் இதே முறையைப் பின்பற்றுகிறது. மொத்த எண்ணிக்கையில் நிறைய இழந்துவிட்டு, தேவையான ஆற்றலில் மட்டும் லாபம் பார்க்கும் வியாபாரம் இது. டியூன் இந்த வழியில் போகவில்லை. நேர் அச்சில் அகன்ற ஆற்றல் பரப்பை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட அலைவு உச்சங்களை ஒரே கற்றையில் பார்க்க நினைக்கிறது.

பெரிய வாளியா, வேகமான கையா?

கற்றைத் திறன் என்பது மூன்று எண்களின் கணக்கு: ஒவ்வொரு புரோட்டானின் ஆற்றல், ஒரு துடிப்பில், அதாவது ஒரே தவணையில் இலக்குக்குப் போகும் புரோட்டான்கள், இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம். முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுக்க வேண்டும். டியூனுக்காகத் திட்டமிட்டுள்ள கற்றையையே எடுத்துக்கொள்வோம். புரோட்டானின் ஆற்றல் 120 ஜிஇவி, துடிப்புக்கு 7.5 × 10¹³ புரோட்டான்கள், இடைவெளி 1.2 நொடி. ஒரு துடிப்பின் ஆற்றல் 1.44 மெகாஜூல் வரும், 1.2-ஆல் வகுத்தால் 1.2 மெகாவாட். அந்த 1.44 மெகாஜூலும் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இலக்கில் இறங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திறனை உயர்த்த, கிணற்றில் நீர் இறைப்பவருக்கு உள்ள அதே இரண்டு வழிகள்தான்: வாளியைப் பெரிதாக்கலாம், இல்லையென்றால் இன்னும் வேகமாக இறைக்கலாம்.

டி2கேக்குக் கற்றை தரும் ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கி வளாகம் முதலில் வாளியைப் பெரிதாக்கிப் பார்த்தது. டி2கே 2010-இல் தொடங்கியது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் முடுக்கி வளாகம் சேதமாகி 2012 தொடக்கம் வரை நின்றுபோனது. பிறகு படிப்படியாக 500 கிலோவாட்டை எட்டியது. அப்போது துடிப்புக்கு 2.6 × 10¹⁴ அளவில் புரோட்டான்கள், இடைவெளி 2.48 நொடி. அதற்கு மேல் புரோட்டான்களை நெருக்கினால் கற்றை சிதறத் தொடங்கும். எனவே 2021-இல் முடுக்கியை நிறுத்தி, முதன்மை வளையத்தின் காந்தங்களுக்கு மின்சாரம் தரும் கருவிகளை மாற்றினார்கள். இடைவெளி 1.36 நொடியாகக் குறைந்தது. 2023 டிசம்பரில் ஆதி வடிவமைப்பு இலக்கான 750 கிலோவாட்டைத் தாண்டினார்கள். அடுத்த ஆண்டு 800. துடிப்புக்கு முன்னைவிடக் குறைவான புரோட்டான்களோடே 750 கிடைத்தது என்பதுதான் இதில் அழகு.

மின்கருவியை மாற்றுவது என்றால் எளிதாகத் தெரியலாம். அப்படி இல்லை. புரோட்டான் முடுக்கம் பெறும்போது காந்தப்புலமும் கூடவே ஏற வேண்டும். துடிப்பு முடிந்ததும் இறங்க வேண்டும். ஏற்ற இறக்கத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காந்தச் சுருள்களுக்குத் தேவையான மின்னழுத்தமும் இரட்டிப்பாகும். ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை ஆற்றலையும் வெளி மின்வலையமைப்பிலிருந்து இழுத்துத் திருப்பித் தள்ளினால் வலையமைப்பு ஆட்டம் காணும். அதனால் பெரிய மின்தேக்கி வரிசைகளை அமைத்து, காந்தங்கள் இறங்கும்போது திரும்பி வரும் ஆற்றலை அங்கேயே சேர்த்துவைத்து அடுத்த சுற்றுக்குக் கொடுக்கிறார்கள். ஜப்பானில் அடுத்து வரும் பெரிய உணரியான ஹைப்பர்-காமியோகாண்டே தயாராகும் காலத்துக்கு 1.16 நொடி இடைவெளி, 1.3 மெகாவாட் என்பது அவர்களின் அடுத்த இலக்கு. அதற்கு வாளியையும் கொஞ்சம் பெரிதாக்கியாக வேண்டும்.

ஃபெர்மி ஆய்வகம் வேகத்தை வேறு வழியில் பிடித்தது. அங்கே 120 ஜிஇவி வரை முடுக்கும் வளையம், முதலில் சிறு வளையத்திலிருந்து புரோட்டான் கொத்துகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்கும் நேரம் முழுதும் அது சும்மா நிற்கும். 2011-இல் அங்கே புரோட்டான்களையும் எதிர்புரோட்டான்களையும் மோதவிட்ட டெவட்ரான் முடுக்கி மூடப்பட்டதும், எதிர்புரோட்டான்களைச் சேமிக்க அதே சுரங்கப்பாதையில் இருந்த ரீசைக்கிளர் வளையம் வேலையற்றுப் போனது. கொத்துகளைச் சேர்க்கும் வேலையை அதற்குக் கொடுத்தார்கள். ஒரு வளையம் முடுக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அடுத்த சுற்றுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கும். இடைவெளி 2.2 நொடியிலிருந்து 1.33 நொடியானது. கூடவே, சற்றே வேறுபட்ட வேகமுள்ள இரண்டு கொத்து வரிசைகளை ஒன்றையொன்று நழுவிக் கடக்கவிட்டு, இரண்டும் நேராக வரும் கணத்தில் ஒன்றாகப் பிடித்துப் புரோட்டான்களை இரட்டிப்பாக்கும் முறையும் சேர்ந்தது. அந்தக் கற்றை 2024-இல் ஒரு மெகாவாட்டைத் தாண்டியது.

நெருக்கினால் என்ன ஆகும்?

புரோட்டான்கள் எல்லாம் நேர்மின்னேற்றம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளும். வேகம் கூடும்போது, சார்பியல் விளைவால், இந்தத் தள்ளுதலின் பாதிப்பு குறைந்துவிடும். எனவே நெருக்கடி மோசமாக இருப்பது வட்ட முடுக்கிக்குள் நுழையும் முதல் கணங்களில். ஃபெர்மி ஆய்வகத்தில் பழைய நேர்கோட்டு முடுக்கி 0.4 ஜிஇவியில் புரோட்டான்களை உள்ளே விடுகிறது. அதற்கு மாற்றாகக் கட்டப்படும் பிப்-2 என்ற மீக்கடத்தி முடுக்கி 0.8 ஜிஇவியில் விடும். அந்த இடத்தில் தள்ளுதலின் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும்; அதே நெரிசலுக்குள் கூடுதல் புரோட்டான்களை அடைக்கலாம். கூடவே அடுத்த கட்ட வட்ட முடுக்கியின் வேகமும் நொடிக்கு 15-இலிருந்து 20 துடிப்பாகும். இந்திய அணுசக்தித் துறையின் ஆய்வகங்களும் பிப்-2-க்குக் கருவிகள் அளித்துப் பங்கேற்கின்றன.

உள்ளே விடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் புரோட்டான்களின் பாதையிலேயே புதிய புரோட்டான்களை எப்படி நுழைப்பது? புதியவற்றை வளைத்து உள்ளே கொண்டுவரும் காந்தம், பழையவற்றையும் வளைத்து வெளியேற்றிவிடுமே! விடை: நேர்கோட்டு முடுக்கியில் ஓடுவது புரோட்டான் அல்ல, கூடுதலாக ஒரு எலெக்ட்ரானைச் சுமந்த எதிர்மின் ஹைட்ரஜன் அயனி. காந்தம் அதை எதிர்த்திசையில் வளைக்கும். இரண்டு பாதைகளும் சேரும் இடத்தில் மிக மெல்லிய கார்பன் தகடு ஒன்று நிற்கும். அயனி அதைக் கடக்கும்போது இரண்டு எலெக்ட்ரான்களும் உரிந்துபோய், வெறும் புரோட்டானாகப் பழையவற்றோடு கலந்துவிடும். ஒரே சுற்றுப்பாதையில் நூற்றுக்கணக்கான முறை இப்படி அடுக்கலாம்.

எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் சில புரோட்டான்கள் தவறிப்போய்க் குழாய்ச் சுவரில் மோதும். மோதிய இடம் கதிரியக்கமாகும். பழுதுபார்க்க ஆட்கள் கையால் தொட்டு வேலை செய்ய வேண்டுமானால், இழப்பு மீட்டருக்கு ஒரு வாட்டைத் தாண்டக்கூடாது என்பது முடுக்கித் துறையில் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. ஒரு மெகாவாட் கற்றையில் ஒரு சதவீதம் சிந்தினாலே 10 கிலோவாட்! திறனை இரட்டிப்பாக்குகிறவர், சிந்தும் விகிதத்தைப் பாதியாக்கியே தீர வேண்டும். இந்த மேம்பாடுகளில் பெரும் உழைப்பு போவது இங்கேதான், செய்தி அறிக்கைகளில் அதிகம் வராவிட்டாலும்.

இலக்கும் கொம்பும்

டி2கேயின் இலக்கு ஒரு கிராஃபைட் தண்டு. நீளம் சுமார் 90 செ.மீ., விட்டம் 2.6 செ.மீ. டைட்டானிய உறைக்குள் வைத்து, சுற்றிலும் ஹீலிய வாயுவை வேகமாகச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். இலக்கைத் தடிமனாக்கினால் பிறக்கும் பையான்களில் பல வெளியேறும் முன்பே உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் மெலிதாகத்தான் இருக்க வேண்டும். மெலிதான பொருளில் மைக்ரோநொடிகளுக்குள் வெப்பம் ஏறினால், அது விரிவடைய நேரமில்லாமல் உள்ளே அதிர்வலை பாயும். துடிப்புக்குத் துடிப்பு, ஆண்டுக்குப் பல லட்சம் தடவை. இதோடு புரோட்டான்கள் பொருளின் அணுக்களையே இடம்பெயர்த்துவிடுவதால், கிராஃபைட்டின் வெப்பங்கடத்தும் திறன் குறையும், டைட்டானியம் நொறுங்கும் தன்மை பெறும். எந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்பதை அறிய, ரேடியேட் என்ற பன்னாட்டுக் கூட்டுக்குழு மாதிரித் துண்டுகளைக் கற்றையில் வைத்துச் சேதப்படுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துவருகிறது.

முதல் கொம்பு இலக்கையே தனக்குள் வைத்திருக்கும். டி2கே கொம்புகளின் மின்னோட்டம் 250 கிலோ ஆம்பியரிலிருந்து 320 கிலோ ஆம்பியராக உயர்ந்தது. புரோட்டான் ஒன்றுகூடக் கூடாமல் நியூட்ரினோ எண்ணிக்கை ஏறியது. ஆனால் உள் ஓடு சில மில்லிமீட்டர் தடிமன் அலுமினியம்தான். ஒவ்வொரு துடிப்பிலும் அது காந்த விசையில் அதிரும், சூடேறும், அதன்மீது தொடர்ந்து நீரைத் தெளித்துக் குளிர்விக்க வேண்டும். கதிர்வீச்சு அந்த நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். மூடிய பாத்திரத்துக்குள் இவ்விரண்டும் சேர்ந்தால் விளைவு தெரிந்ததே. எனவே அவற்றை வினையூக்கி மூலம் மறுபடி நீராக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. திறன் கூடும்போது அதையும் பெரிதாக்க வேண்டும். கொம்பு பழுதானால் அருகில் போய்க் கழற்ற வழியே இல்லை. கனத்த தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து பளுதூக்கியாலும் இயந்திரக் கைகளாலும்தான் மாற்றுவார்கள்.

சிதைவுக் குழாயின் நீளம் ஒரு சமரசம். 5 ஜிஇவி பையான் சிதையுமுன் சராசரியாக 280 மீட்டர் போகும். குழாய் குட்டையாக இருந்தால் பையான்கள் சிதையாமலேயே சுவரில் முடிந்துவிடும். மிக நீளமாக இருந்தால் கூடப் பிறந்த மியூவான்களும் சிதைந்து எலெக்ட்ரான் நியூட்ரினோக்களைக் கலந்துவிடும். தேடுவதே அந்த வகையைத்தான் என்பதால் அந்தக் கலப்பு ஆகாது. குறைந்த ஆற்றலில் இயங்கும் டி2கேக்கு 96 மீட்டர் போதும். நோவாவின் கற்றைக்கு 675 மீட்டர்.

குழாயின் முடிவில், தடுப்பைத் தாண்டி வரும் மியூவான்களை அளந்து, கற்றை எங்கே குறிபார்க்கிறது என்பதைத் துடிப்புக்குத் துடிப்பு கண்காணிக்கிறார்கள். ஒரு மில்லிரேடியன் (ஒரு பாகையில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு) பிசகினால் 295 கி.மீ. தொலைவில் கற்றையின் மையம் 295 மீட்டர் நகர்ந்துவிடும். நேரத்தையும் செயற்கைக்கோள் கடிகாரங்கள் மூலம் இரு முனைகளிலும் ஒத்திசைக்கிறார்கள். துடிப்பு வந்துசேரும் அந்தச் சில மைக்ரோநொடிகளில் பதிவானதை மட்டும் கணக்கில் எடுத்தால், விண்ணிலிருந்து வரும் துகள்களின் தொல்லை அநேகமாக ஒழிந்துவிடும்.

இவ்வளவும் செய்து மெகாவாட்களை ஏற்றியபின் தடை இடம் மாறுகிறது. நிகழ்வுகள் 28 ஆக இருந்தபோது, கற்றையில் எத்தனை நியூட்ரினோ இருந்தன என்பதில் பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் பெரிய குறையில்லை. ஆயிரக்கணக்கில் நிகழ்வுகள் சேரும்போது அந்தப் பத்து சதவீதம்தான் முடிவையே தீர்மானிக்கும். இலக்கிலிருந்து எந்தக் கோணத்தில் எத்தனை பையான் வருகிறது என்பதைக் கணிப்பொறிக் கணக்கை நம்பிச் சொல்ல முடியாது. அதனால் டி2கே இலக்கின் அச்சு அசலான நகல் ஒன்றைச் செர்னுக்குக் கொண்டுபோய், அங்கே என்.ஏ.61 ஆய்வில் புரோட்டான்களை அதில் மோதவிட்டு, வெளிவரும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பத்து சதவீதமாக இருந்த ஐயம் அதன்பின் ஐந்து சதவீத அளவுக்கு இறங்கியது. அடுத்து டியூனின் இலக்கு மாதிரியையும் அதே மேடையில் வைத்து அளப்பது அந்தக் குழுவின் திட்டத்தில் இருக்கிறது.